பெயருக்கு வந்தவள்

உமாதேவி சமையலறையிலிருந்து மகளைக் கூப்பிட்டாள்.

"காவேரி, பால் ஆறிப்போகுது பாரு."

"ம்ம்" என்று பின்னறையிலிருந்து பதில் வந்தது. வாயைத் திறக்காமல், பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளை சொல்வதுபோல ஒரு "ம்ம்". மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மேட்டகள்ளியின் ஓட்டு வீடுகள்மேல் ஆனி மாதத்துச் சாரல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு ரேடியோவில் யாரோ கன்னடத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மகள் பள்ளிவிட்டு வந்ததும் பின்னறைக்குப் போய்த்தான் சீருடை மாற்றுவாள். அங்கேதான் இருக்கிறாள் என்று நினைத்து உமாதேவி டம்ளரைத் துணியால் பிடித்துக்கொண்டு திரும்பினாள். திறந்திருந்த முன்வாசல் வழியே தெரு தெரிந்தது. பக்கத்து வீட்டு தேவம்மாவின் வாசலில், இன்னும் சீருடையோடு, கையில் பாதி தின்ற கொய்யாப்பழத்தோடு அவள் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

உமாதேவி அப்படியே நின்றாள்.

அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணிமணியும் பாயும் கிடக்கும் அறை. சமையலறையைத் தாண்டாமல் பின்னறைக்கு யாரும் போக முடியாது. அவள் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு மெல்லப் போய் எட்டிப் பார்த்தாள். சுருட்டி வைத்த பாய்கள். தகரப் பெட்டி. குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணிகள். கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்கு வெளியே பக்கத்துச் சுவர். யாரும் இல்லை. ஆனால் ஒரு வாடை இருந்தது. ஈரத் துண்டு, திருநீறு, அதோடு கலந்து ஓடும் பஸ்ஸுக்குள் அடிக்கும் டீசல் நெடி. மழைக்காலத்தில் துணி நாறுவது சகஜம்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். டீசல் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் அவளால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

மூத்தவளுக்கு மூன்று வயது நிரம்பியபோது, சொந்த ஊரான கௌதள்ளியில் தங்கிவிட்டு, மாதேஸ்வரன் மலைக்குப் போய் முடி இறக்கினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைக்கு ஜுரம் வந்தது. வளைவு வளைவாக இறங்கும் அந்தப் பாதையில் ஜுரம் ஏறிக்கொண்டே போயிற்று. கண் சொருகியது. முன் சீட்டில் இருந்த ஓர் அம்மாள் துண்டை நனைத்து நெற்றியில் போட்டு, திருநீறு பூசி, "பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே இருங்க, தூங்க உடாதீங்க" என்றாள். உமாதேவி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். காவேரி. ம்ம். காவேரி. ம்ம். கொள்ளேகால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே ஒரு திருப்பத்தில் பதில் நின்றுவிட்டது. அப்புறமும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நடத்துனர் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினாள்.

அடுத்தும் பெண்ணே பிறந்தது. பிரசவ வார்டில் அதன் முகத்தைப் பார்த்ததும் அவள் கணவன் முரளிதரன் அழுதுவிட்டான். "அவதான் உமா, திரும்பி வந்துருக்கா. வேற பேரு எதுக்கு?" என்றான். எதிர்த்துப் பேச அப்போது அவளுக்குத் தெம்பு இல்லை. மூத்தவளின் படங்களையெல்லாம் அவன் பெட்டியின் அடியில் போட்டு மூடினான். அப்படி ஒருத்தி இருந்தாள் என்ற பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. ஆனாலும் சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து சட்டையை உருவி இன்னொரு பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி உமாதேவிக்குக் கூசும். ஒரே ஒரு படத்தை மட்டும் கணவனுக்குத் தெரியாமல் பர்ஸின் உள்மடிப்பில் வைத்திருந்தாள். அதில் மூத்தவள் மொட்டையடிப்பதற்கு முந்தைய சுருட்டை முடியோடு சிரித்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு சரஸ்வதிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு நூலகங்களின் பழைய படங்கள் இன்டர்நெட்டில் ஏறிக்கொண்டிருந்த சமயம். ஒரு படம் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அதன் முகவரியைத் தட்டினால் படம் வரும். அது வேறு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டால் பழைய முகவரியில் "காணவில்லை" என்றுதான் வரும். அப்படித் தொலையாமல் இருக்க ஒவ்வொரு படத்துக்கும் மாறாத பெயர் ஒன்றைக் கொடுத்து, அந்தப் பெயருக்குரிய படம் இப்போது எங்கே இருக்கிறது என்று பதிந்து வைப்பது அவர்கள் வேலை.

ஆபீஸின் பெரியவர் நஞ்சுண்டசாமி, கொள்ளேகால்காரர். புதுப் பதிவு முறை வந்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துச் சொன்னார்.

"பேரு வேற, எடம் வேற. எடம் மாறிட்டே இருக்கும். பேரு மாறவே கூடாது. ஒண்ணுக்கு வெச்ச பேர இன்னொண்ணுக்கு வெக்கவும் கூடாது. அந்தப் பொருளே இல்லாமப் போனாலுஞ் செரி."

"பொருளு இல்லாமப் போச்சுன்னா அந்தப் பேரு என்ன சார் பண்ணும்?" உமாதேவிதான் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாது, சும்னே, சும்மா இருக்கும். யாராவது வந்து கேட்டா, இப்படி ஒண்ணு இருந்துதுன்னு சொல்லும்."

பழகிக்கொள்வதற்காக ஆளுக்கொரு பெயரைப் பதிந்து பார்க்கச் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். மற்றவர்கள் தங்கள் பெயரையோ சாமி பெயரையோ தட்டினார்கள். உமாதேவி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பர்ஸைத் திறந்தாள். சுருட்டை முடிப் படத்தை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து, காவேரி என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பதிந்தாள். இனி அந்தப் பெயரை யாரும் அந்தப் பிள்ளையிடமிருந்து உருவ முடியாது. இத்தனை வருஷத்தில் மூத்தவளுக்காகத் தான் செய்த ஒரே காரியம் இதுதான் என்று தோன்றியது. அன்று பஸ்ஸில் நிம்மதியாகக் கண்ணயர்ந்துகூடப் போனாள்.

பின்னறையிலிருந்து "ம்ம்" வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காய் நறுக்கும்போது பாதியில் எழுந்து பின்னறையை எட்டிப் பார்ப்பாள். வந்து உட்கார்ந்து இரண்டு கத்திரிக்காய் நறுக்குவதற்குள் மறுபடி எழுவாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பக்கத்தில் போய்த் தொட்டுப் பேசினாள். வியாழக்கிழமை சின்னவளுக்கு ஜுரம் என்று தானும் ஆபீஸுக்கு லீவு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பிள்ளை அவள் மடியிலேயே படுத்திருந்தது. சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துப் போனபோது, அந்த லீவுக்குக் காரணம் சொல்லலாம் என்று வகுப்பு டீச்சர் லீலாவிடம் நின்றாள்.

"வியாழக்கிழமையா? வந்திருந்தாளே" என்றாள் லீலா டீச்சர். "அட்டெண்டன்ஸ்ல பேரு கூப்பிட்டேன். 'ம்ம்'னா. பிரசென்ட் மிஸ்னு சொல்லணும்னு அதட்டக்கூட அதட்டினேன்."

"நீங்க அவளப் பாத்தீங்களா மிஸ்?"

"எழுதிட்டே கூப்பிடறது, எங்க நிமிந்து பாக்கறது. கொரல் கேட்டுதே."

"அன்னிக்குப் பூரா அவ என் மடியிலதான் மிஸ் படுத்திருந்தா."

"நீங்க நாள மாத்திச் சொல்றீங்க" என்று லீலா டீச்சர் சிரித்தாள். "இன்னைக்குக்கூட பாருங்க, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறா. காது எதுக்கும் ஒருதரம் காட்டிருங்க."

அது உண்மைதான். சின்னவள் தன் பெயருக்குத் திரும்புவதை நிறுத்தியிருந்தாள். முரளிதரன் வாசலிலிருந்து கூப்பிட்டால் அவள் பாட்டுக்குக் கட்டம் கிழித்து விளையாடிக்கொண்டிருப்பாள். "பாப்பா" என்றால் உடனே தலை தூக்குவாள். காது டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, மணி அடித்துப் பார்த்து, குறையே இல்லை என்று அனுப்பிவிட்டார். "வயசுக் கொழுப்பு, வேறென்ன" என்று முரளிதரன் அதோடு விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை உமாதேவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை சின்னக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

"கூப்புட்டா ஏன் சாமி திரும்ப மாட்டேங்கற?"

"என்னய யாருமே கூப்புடலயே."

"காவேரி, காவேரின்னு அப்பா தொண்ட கிழியக் கத்தறாரே."

"அது அவ பேரு."

சீப்பு முடியில் அப்படியே நின்றது. "எவ பேரு?"

சின்னவள் கண்ணாடியை லேசாகச் சாய்த்தாள். அதில் சமையலறைக் கதவும், அதற்கு அப்பால் பின்னறை இருட்டும் தெரிந்தன. "அவதான் சொன்னா. மொதல்ல அவளுக்குத்தான் வெச்சதாம். நான் எடுத்துக்கிட்டனாம். குடுத்துட்டேன்."

மூத்தவளைப் பற்றி இந்தப் பிள்ளையிடம் யாரும் சொன்னதில்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம்கூட வாயைத் திறக்கக் கூடாது என்று முரளிதரன் சொல்லி வைத்திருந்தான். உமாதேவி கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பார்வையைப் பிள்ளையின் வகிட்டில் நிறுத்தினாள்.

"அப்ப உன் பேரு என்ன?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "எனக்கு இன்னும் வெக்கல" என்றது.

அவள் பாதிப் பின்னலோடு மகளைத் தூக்கிக்கொண்டு போய் தேவம்மா வீட்டில் விட்டாள். மழையில் குடைகூட எடுக்கவில்லை. சரஸ்வதிபுரம் பஸ் வருவதற்குள் நிறுத்தத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டேயிருந்தாள். ஈரப் புடவை காலில் தடுக்கியது. பஸ் ஏறியதும், உள்ளே அடித்த டீசல் நெடியில் மூச்சு முட்டி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை ஆட்டோவில் போனாள்.

"அழிக்க முடியாதும்மா" என்றார் நஞ்சுண்டசாமி. "அழியக் கூடாதுன்னுதானே இந்த ஏற்பாடே. வெளிநாட்டு மிஷினுக்கெல்லாம் ஒரு நகல் போயிருச்சு. இப்ப நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தப்பான படத்தப் போட்டுட்டேன் சார்."

"அப்ப படத்த மாத்திக்க. பேரு அப்படியே இருக்கட்டும், அது காட்டற எடத்த மட்டும் மாத்தலாம். ஆனா நோடும்மா, பாத்துக்க, அதே பொருளா இருந்தாத்தான் மாத்தலாம். வேற ஒண்ணுன்னா கூடாது." அவர் அவள் கையில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தார். ஒன்று சுருட்டை முடிப் படம். இன்னொன்று சின்னவளின் பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்தது. "ரெண்டும் ஒரே கொழந்ததானே? சின்னதுலயும் பெருசுலயும் எடுத்ததா?"

உமாதேவி சுருட்டை முடிப் படத்தை அடியில் தள்ளிக்கொண்டாள்.

"ஒண்ணுதான் சார்."

திரையும் அதையே கேட்டது. பழையதும் புதியதும் ஒரே பொருள்தான் என்று உறுதி செய்கிறீர்களா என்று. ஆம் என்பதில் அவள் மவுஸை வைத்து அழுத்தினாள். மோடம் கிறீச்சிட்டு இரைந்தது. சரிபார்ப்பதற்காகப் பெயரைத் தட்டித் திறந்தாள். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. முதலில் முடி. பிறகு நெற்றி. கண் வரும்வரை அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் வந்தது. மூக்கு. கழுத்தில் பள்ளி டை. சின்னவள்தான்.

அன்று மாலை தேவம்மா வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"காவேரி."

பிள்ளை உள்ளிருந்து ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. உமாதேவி அங்கேயே மண்டியிட்டு அழுதாள். வழியெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள், வீட்டுக்குள் வந்தும் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை திரும்பியது, சிரித்தது. பின்னறையில் சத்தமில்லை, வாடையும் இல்லை. முரளிதரன் நைட் ஷிப்டுக்குப் போயிருந்தான். மகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். பிள்ளையின் உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. முந்தின வாரத்து ஜுரத்தின் மிச்சம் என்று நினைத்தாள்.

விடிந்ததும் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "தன்னி" என்று கேட்டது.

"என்ன சாமி?"

"தன்னி வேனும்."

ஆறு வயதுப் பிள்ளை. கன்னடப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிற பிள்ளை. உமாதேவி தண்ணீரைக் கொடுத்தாள். பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, பாதியை மார்பில் ஊற்றிக்கொண்டது. பாடப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தாள். பிள்ளை அதைத் தலைகீழாகப் பிடித்து, படத்தைத் தட்டி, சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். பர்ஸின் உள்மடிப்பில் எட்டு வருஷமாக இருந்த சிரிப்பு.

அப்போது முரளிதரன் ஷிப்ட் முடிந்து உள்ளே நுழைந்தான்.

"மொல்லி வந்தாச்சு" என்றது பிள்ளை.

முரளிதரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். அவனை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான். முரளி என்று சொல்லத் தெரியாமல், மொல்லி மொல்லி என்று அவன் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடியவள். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். பிள்ளை போய் அவன் மடியில் ஏறிக்கொண்டது. அவன் அதன் முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதான்.

"பாத்தியா உமா. நான் அன்னிக்கே சொன்னேன்ல."

"ஏனுங்க, சின்னவ எங்கீங்க?"

"எந்தச் சின்னவ?"

"நம்ம சின்னவ. ஸ்கூலுக்குப் போற புள்ள."

அவன் தலை தூக்கி அவளைப் பார்த்தான். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கும் பார்வை. "நமக்கு ஒரே புள்ளதானே" என்றான்.

அவள் தெருமுனைக் கடைக்கு ஓடி ஆபீஸுக்கு போன் போட்டாள். நேற்று மாற்றியதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்றாள், இரண்டும் வேறு வேறு பிள்ளைகள் என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு நீயேதானேம்மா ஒத்துக்கிட்ட" என்றார் நஞ்சுண்டசாமி. "அத வெச்சு எல்லா எடத்துலயும் ஒண்ணாச் சேத்துட்டாங்க. இனிமே அத ரெண்டாப் பிரிக்க முடியாது. ஆமா, ரெண்டாவது கொழந்தைன்னு நீ சொன்னதேயில்லையே?"

அவள் ரிசீவரை வைத்தாள். அந்த மனிதர் சின்னவளைப் பார்த்திருக்கிறார். ஆயுதபூஜைக்கு ஆபீஸுக்கு வந்தவளுக்குச் சுண்டல் கொடுத்து, வாய்ப்பாடு கேட்டிருக்கிறார். மழையில் திரும்பி நடந்தபோது அவள் சின்னவளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வகிடு வந்தது. இரட்டைப் பின்னல் வந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூத்தவளின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடி மறுபடி நினைத்தாள். மறுபடியும் அதுவே. அந்தப் பள்ளிப் படம் ஆபீஸ் ஸ்கேனரிலேயே இருந்துவிட்டது. தேவம்மா வாசலில் நின்று "எங்க ரெண்டாவது பொண்ணு" என்று ஆரம்பித்தாள். தேவம்மா அவள் கையைப் பிடித்து, "ஆகட்டும்மா, கடவுள் குடுப்பாரு" என்றாள்.

மதியம் கரண்ட் போயிற்று. சாரல் வலுத்து மழையாகி ஓட்டின்மேல் அரிசி கொட்டுவதுபோல விழுந்தது. முன்னறையில் முரளிதரன் பிள்ளையை மடியில் வைத்து ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான். பிள்ளையின் காலைப் பார்த்தாள் உமாதேவி. நேற்று அப்படி உட்கார்ந்தால் கால் தரையைத் தொட்டிருக்கும். இன்று தொடவில்லை. அவள் சமையலறைக்கு வந்தாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அம்மா."

பின்னறையிலிருந்து. தெளிவான குரல். பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அம்மா, என்னயக் கூப்புடு."

பாத்திரத்தை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பின்னறை நிலைப்படியில் நின்றிருந்தாள். உள்ளே பகல் இருட்டு. கொடியில் காலையில் துவைத்துப் போட்ட சீருடை, வெள்ளைச் சட்டைக்குமேல் நீலப் பினஃபோர், ஒரே ஹேங்கரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க சாமி இருக்கற?"

"தெரியலம்மா. இருட்டா இருக்கு. நீ பேரச் சொன்னா வந்துருவேன்."

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அதைச் சொன்னால் வருகிறவள் வேறு.

"பாப்பா" என்றாள்.

"ன்னம்மா" என்றது முன்னறை.

"கண்ணு."

"ன்னம்மா." முன்னறையில் மடியிலிருந்து இறங்கும் சத்தம்.

"அம்முணி."

சின்னக் காலடி. சமையலறைப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

உமாதேவி இருட்டுக்குள் கையை நீட்டினாள். ஏதாவது ஒன்று. புதிதாக. யாருக்கும் வைக்காத ஒன்று. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஆண்டாள்."

"அது இல்லம்மா."

"கனகா."

"அது இல்லம்மா." குரல் அழ ஆரம்பித்தது. "எனக்குன்னு சொல்லும்மா."

"மாதேவி. என் சாமி, மாதேவி."

"இல்லம்மா. இல்லம்மா."

முகம் தெரிந்தால் பெயர் வரும். முகம் வரவில்லை. வகிடு. பின்னல். வெறும் வகிடு.

பின்னாலிருந்து ஒரு கை அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்தது. கொதிக்கிற கை. ஈரத் துண்டின் வாடை.

"உள்ள யாருமில்ல" என்றது அந்தப் பிள்ளை. மெதுவாக. ஆறுதலாக. "நான் இங்க இக்கேன்ல."

முன்னறையில் முரளிதரன் ரசத்தைக் கலக்கும் சத்தம் கேட்டது. அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

உமாதேவி திரும்பவில்லை. கொடியைப் பார்த்தாள்.

சீருடையிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றிருந்தது. காற்று இல்லை. ஆனாலும் சட்டை அசைந்தது. முதலில் ஒரு கை. துவண்டு கிடந்த ஈரத் துணிக்குள் தோளிலிருந்து ஏதோ இறங்கி, முழங்கைவரை நிரம்பியது. பிறகு இன்னொரு கை. நீலத் துணியின் நெஞ்சுப் பக்கம் மேலேறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. விசும்பி அழுகிற பிள்ளையின் நெஞ்சு.

இரண்டு கைகளும் மெல்ல அவளை நோக்கி உயர்ந்தன. தூக்கிக்கொள்ளச் சொல்லி.

காலருக்கு மேலே சுவர் மட்டுமே தெரிந்தது.